உங்களுக்குத் தெரியுமா? வடகரையில் உட்கார ஓர் இடம்

இந்த இதழில் காட்டுப்பள்ளியிலிருந்து ராயபுரம் வரை ஒரு சுற்று. கையில் வேலை இல்லை, வாங்கப் பொருள் இல்லை. அப்படி ஓர் ஆள், “யாருப்பா நீ, இங்க என்ன பண்ற?” என்று எவரும் கேட்காமல் ஒரு மணி நேரம் உட்கார வடசென்னையில் எங்கே இடம்? இதுதான் கேள்வி. தேடிப் போனால் துறைமுகம், கேரம் பலகை, கஞ்சித் தொட்டி என்று ஒவ்வொன்றாகக் குறுக்கே வருகின்றன.

கரை யாருக்கு?

● சென்னைக் குழாயில் வரும் தண்ணீரில் ஒரு பங்கு காட்டுப்பள்ளிக் கடலிலிருந்து வருகிறது, தெரியுமா? ஏட்டில் அதன் பெயர் மீஞ்சூர் ஆலை. நிற்பது காட்டுப்பள்ளிக் கரையில். கடல்நீரைக் குடிநீராக்கும் அந்த ஆலை 2010-ல் ஓடத் தொடங்கியது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் திறன். பக்கத்திலேயே துறைமுகம்: 2013 ஜனவரியில் திறப்பு, 2018-ல் அதானி குழுமத்தின் கைக்கு மாற்றம். அந்தத் தொழிலுக்கு இடம் விட்டுக் காட்டுப்பள்ளிக் குப்பத்தார் வேறிடம் பெயர்ந்தார்கள். மாமல்லபுரம் பக்கத்துப் பூஞ்சேரி வரை சுமார் 133 கிலோமீட்டருக்குத் திட்டமிட்ட சென்னை எல்லைச் சாலையும் இந்த முனையில்தான் தொடங்குகிறது. தண்ணீர் போக வழி உண்டு, கன்டெய்னர் போக வழி உண்டு. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடல் பார்க்க வருகிறவர் மட்டும் வழி கேட்டுக் கேட்டுத்தான் போக வேண்டும்.

● சென்னை மாநகராட்சியின் 1-ஆம் மண்டலம் எது? அடையாறு, தேனாம்பேட்டை என்று சொல்லிவிடாதீர்கள். திருவொற்றியூர்! 2011-ல் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி நகராட்சிகள் மாநகராட்சியோடு சேர்ந்தன. எண் வடக்கிலிருந்து போடப்பட்டது. எண்ணில் முதலிடம் சரி. பூங்காவில், நடைபாதையில் எத்தனையாவது இடம் என்று அங்கே குடியிருப்பவரைக் கேளுங்கள். காட்டுப்பள்ளி இந்தக் கணக்கிலேயே வராது. அது திருவள்ளூர் மாவட்டம், மீஞ்சூர் ஒன்றியத்து ஊராட்சி.

● மெரினாவின் மணலுக்கு யாருக்கு நன்றி சொல்ல வேண்டும்? ராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும். நம் கரையோரத்தில் ஆண்டு முழுவதும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் கடல் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1875-ல் அடிக்கல் நாட்டி 1881-ல் எழுப்பி முடித்த மதராஸ் துறைமுகத்தின் சுவர்கள் அந்த ஓட்டத்தை மறித்தன. மறித்த மணல் தெற்கே தேங்கித் தேங்கிக் கரை அகலமானது. 1884-ல் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே ஓர் உலாச் சாலை அமைத்து, மெரினா என்று பெயரும் வைத்தார். வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை. அலை மட்டும் வழக்கம்போல் போனது, எடுத்துக்கொண்டும் போனது. குப்பங்கள் பின்னே நகர்ந்தன, சாலை பின்னே நகர்ந்தது. இன்று ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பெரும்பகுதிக் கரையில் காலடியில் படுவது மணல் இல்லை, கொட்டி வைத்த கருங்கல். இடையிடையே தூண்டில் வளைவுகள். அவற்றின் ஓரத்தில் மீண்டும் கொஞ்சம் மணல் சேர்ந்தால் பிள்ளைகள் பந்தோடு வந்துவிடுகிறார்கள். சென்னையே காற்று வாங்கும் மெரினாவை ஒரு வகையில் வடசென்னை தன் பங்கிலிருந்து கொடுத்திருக்கிறது. இதை ஒரு கடன் என்று எழுதி வைத்தால் தப்பில்லை என்பேன்.

● கம்பெனிக் காலத்தில் மதராஸ் வெள்ளைக்காரர்கள் காற்று மாற்றத்துக்கு எந்த ஊருக்குப் போனார்கள்? எண்ணூருக்கு! இன்று இதைச் சொன்னால் எண்ணூர்க்காரரே சிரிப்பார்.

● 2017 ஜனவரி 28-ல் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, கரையில் அதை வாளியால் மொண்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும் மீனவர்கள் வாளியும் குவளையுமாக இறங்கினார்கள். ஓர் இடம் யாருடையது என்று அறிய பட்டா பார்ப்பது ஒரு வழி. நாசமானால் யார் இறங்கிச் சுத்தம் செய்கிறார்கள் என்று பார்ப்பது இன்னொரு வழி.

● ஆறு, கடற்கரை, சதுப்பு போன்றவற்றுக்கு அரசு உரிமையாளர் இல்லை, மக்களின் சார்பில் காப்பாளர் மட்டுமே என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் எம்.சி. மேத்தா – கமல்நாத் வழக்கில் சொன்னது. ஊர்ப் பொது நிலத்தை வளைத்துப் போட்டவர்களை அகற்றி ஊரிடம் திருப்பித் தர மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்று 2011-ல் ஜக்பால் சிங் வழக்கில் சொன்னது. இரண்டும் இன்றும் செல்லும் தீர்ப்புகள்.

மேடை ஏறிய பூங்கா

● 1949 செப்டம்பர் 18, கொட்டும் மழை. ராயபுரத்தில் ஒரு பூங்காவில் கூட்டம். முந்தைய நாள் பவளக்காரத் தெருவில் பிறந்த திராவிட முன்னேற்றக் கழகத்தை அண்ணா ஊரறிய அறிவித்தது அங்கேதான். அன்று ராபின்சன் பூங்கா, இன்று அறிஞர் அண்ணா பூங்கா. வாடகை மண்டபம் பிடிக்கக் காசில்லாத கட்சிகளுக்கெல்லாம் அந்தக் காலத்தில் பூங்காவும் கடற்கரையும்தான் மண்டபம். பதினெட்டே ஆண்டுகளில் அந்தக் கூட்டம் கோட்டைக்குப் போனது. நனைந்தாலும் பரவாயில்லை என்று நிற்க ஒரு திறந்தவெளி கிடைத்ததும் அந்த வரலாற்றில் ஒரு காரணம்.

● இந்தியாவின் முதல் மே தினம் 1923-ல் சென்னையில் கொண்டாடப்பட்டது; கொண்டாடியவர் சிங்காரவேலர். இரண்டு இடங்களில் கூட்டம்: ஒன்று திருவல்லிக்கேணிக் கடற்கரை, மற்றது உயர்நீதிமன்றத்துக்கு எதிரே இருந்த கடற்கரை. முதல் இடத்தில் இன்றும் மணலில் உட்காரலாம். இரண்டாவது இடத்தில் இப்போது உட்கார மணல் இல்லை.

● தெருவில் நடக்கவும் பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும் சட்டசபையில் தீர்மானம் வேண்டியிருந்தது தெரியுமா? 1924 ஆகஸ்டில் இரட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாணச் சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தால்தான் பொதுச் சாலை, குளம், கிணறு, பொதுக் கட்டடம் எல்லாம் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் திறந்தவை என்று அரசு ஆணை போட்டது. பழைய காலத்தில் எல்லோரும் திண்ணையில் ஒன்றாக உட்கார்ந்தோம் என்று உருகுகிறவர்கள் அந்தத் தேதியை ஒரு தடவை நினைத்துக்கொள்ளலாம்.

● திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலில் இலக்கணம் விரித்துரைக்கவே ஒரு மண்டபம் இருந்ததைச் சோழர் காலக் கல்வெட்டுகள் சொல்கின்றன. அதே கோயிலின் தேரடி இன்று ஒரு மெட்ரோ நிலையத்தின் பெயர்; வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரி 14-ல் திறந்த 9 கிலோமீட்டர் நீட்சியில் அது இருக்கிறது. தேர் ஓடும் தெருவுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஆண்டுக்கு ஒரு நாள் தேர் வந்து நிற்கும் என்பதால் எந்தக் கடையும் கூரையை இஷ்டத்துக்கு நீட்ட முடியாது. மாநகராட்சி நோட்டீஸைவிட வடம் பிடிக்கும் கூட்டத்துக்கு மரியாதை அதிகம்.

பலகையும் பவுடரும்

● உலக கேரம் வரைபடத்தில் வடசென்னைக்குத் தனி மூலை உண்டு. இரு முறை உலக சாம்பியனான மரிய இருதயம் 1996-ல் அர்ஜுனா விருது பெற்றார், சென்னைக்காரர். 2008-ல் உலக சாம்பியன் ஆன இளவழகி வியாசர்பாடி. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் மூன்று தங்கம் அள்ளிய காசிமா, புதுவண்ணாரப்பேட்டை பக்கத்துச் செரியன் நகர். என்ன ரகசியம்? பெரிய அரங்கம் எதுவும் இல்லை. சந்து முனையில் ஒரு சிறு அறை, தாழத் தொங்கும் ஒரு பல்பு, பலகை, போரிக் பவுடர். ஆடுகிறவர் நான்கு பேர், சுற்றி நின்று “ரெட்டை எடுடா” என்று சொல்லிக் கொடுப்பவர் பத்துப் பேர். மைதானத்துக்கு நிலம் இல்லாத இடத்தில் விளையாட்டு மூன்றடிப் பலகைக்குச் சுருங்கி, அங்கேயே உலகத் தரமாகிவிட்டது. பெருமைப்படுவோம். ஆனால் நிலம் தராமல் விட்டதற்கு இதைச் சமாதானமாக யாரும் சொல்ல வேண்டாம்.

இந்தக் கேரம் அறைகளுக்கு ஒரு குறை: மாலை ஆனால் அங்கே ஆண்கள் மட்டும்தான். இளவழகியும் காசிமாவும் அதை மீறி வந்தவர்கள். அவர்களுக்குக் கிடைத்ததுபோல் வீட்டில் துணை கிடைக்காத பெண் பிள்ளைகள் எத்தனை பேர் வாசலோடு திரும்பினார்கள் என்று எந்தக் கோப்பையிலும் எழுதியிருக்காது.

● ‘ஒய் லாய்ட்டர்?’ என்று ஒரு புத்தகம். ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை வைத்து 2011-ல் எழுதியது. தெருவில் ஒரு பெண் நின்றால் ஏன் நிற்கிறாள் என்று காட்ட வேண்டியிருக்கிறது: போன் பேசுவது, கடிகாரம் பார்ப்பது, வேகமாக நடப்பது. காரணமே இல்லாமல் வெளியே நிற்பதும் ஓர் உரிமைதான் என்பது அவர்கள் வாதம். திருவொற்றியூர் டீக்கடை பெஞ்சில் தனியாக உட்கார்ந்து டீ குடிக்கும் பெண்ணை எண்ணிப் பாருங்கள், வாதம் புரிந்துவிடும். 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. போக வழி கிடைத்தது. போய் இறங்கும் இடத்தில் உட்காரவும், அதைவிட அவசரமாக ஒரு சுத்தமான கழிப்பறையும் அடுத்த பாக்கி.

நிழல், திண்ணை, திறந்த கதவு

● நியூயார்க்கில் சில சதுக்கங்களில் கூட்டம் நிரம்புகிறது, சில காலியாகக் கிடக்கின்றன, ஏன்? வில்லியம் வைட் என்பவர் 1970-களில் கேமராவை மாட்டி வைத்துப் பார்த்தார். வெயில், அழகு, பரப்பு என்று பல காரணம் தேடியவருக்குக் கிடைத்த முக்கியமான விடை: உட்கார எங்கே இடம் உண்டோ அங்கே ஜனங்கள் உட்காருகிறார்கள். இதற்கு ஓர் ஆராய்ச்சியா என்று நமக்குத் தோன்றும். ஆனால் இங்கே கடைப்படியில் யாரும் உட்காராமல் இருக்கக் கம்பி முள் பதிக்கிறோம். அதற்கு வெல்டர், கொத்தனார் கூலி வேறு. வைட்டின் ஆராய்ச்சியை வைத்து நியூயார்க் தன் கட்டட விதியையே 1975-ல் திருத்தியது.

● பூங்காவை நண்பகலில் பூட்டுவது சென்னையில் வெகுகால வழக்கம்: காலையில் நடைக்காரர்களுக்கு, மாலையில் பிள்ளைகளுக்கு. மாநகராட்சி பின்னர் காலை 5 முதல் இரவு 9 வரை இடைவெளி இல்லாமல் திறக்கச் சொன்னது. எல்லாப் பூங்காவிலும் நடக்கிறதா என்பதை உங்கள் தெருவில் நீங்களே பாருங்கள். ஷிப்ட் வேலை நடக்கும் எண்ணூர், மணலி, காட்டுப்பள்ளி வட்டாரத்தில் இது சின்ன விஷயம் இல்லை. இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கி எழுந்தவருக்கு ஓய்வு நேரமே நண்பகல். தகரக் கூரை கொதிக்கும் அந்த நேரத்தில் மர நிழலுக்குப் பூட்டுப் போட்டால், பூங்கா யாருக்காக என்று கேட்கத்தானே செய்வார்?

● வெயில் பற்றிப் பேசும்போது சிகாகோவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1995 ஜூலையில் ஒரே வெப்ப அலையில் 739 பேர் மாண்டார்கள். எரிக் க்ளினன்பெர்க் என்ற சமூகவியலாளர் பக்கத்துப் பக்கத்து இரண்டு வட்டாரங்களை எடுத்துக்கொண்டார். இரண்டிலும் தனியாக வாழும் ஏழை முதியவர்கள் ஏறத்தாழ ஒரே அளவு. ஒன்றில் சாவு விகிதம் மற்றதைப்போல் பத்து மடங்கு. குறைவாக இறந்த இடத்தில் கடைகள் திறந்திருந்தன, நடைபாதையில் ஆள் நடமாட்டம் இருந்தது. முதியவர்கள் கீழே இறங்கி வந்தார்கள், வராதவரை யாராவது கதவைத் தட்டிக் கேட்டார்கள். மற்றதில் தெருவே செத்திருந்தது, கிழவர்கள் பூட்டிய அறைக்குள் வெந்தார்கள். ஏப்ரல் மே மாதத்துச் சென்னைக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறு வேண்டாம்.

● தெருவுக்குக் காவல் யார்? அங்கேயே இருக்கும் கண்கள் என்றார் ஜேன் ஜேக்கப்ஸ், 1961-ல். நம் ஊரில் அந்தக் கண்கள் சுண்டல்காரருடையவை, பூக்காரம்மாவுடையவை. 2014-ன் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளே இருக்க வேண்டும். ஆக்கிரமிப்பு அகற்றும் லாரி வரும் நாளில் இந்தச் சட்டம் பலருக்கு நினைவிருப்பதில்லை.

● 1782 பஞ்சத்தில் ராயபுரம் பக்கம் பசித்து வந்தவர்களுக்கெல்லாம் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தின் வழியில் வளர்ந்ததுதான் ஸ்டான்லி ஆஸ்பத்திரி. பெரியவர்கள் இன்றும் ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’ என்பார்கள். 231 ஆண்டு கழித்து, 2013 பிப்ரவரியில், சென்னையில் அம்மா உணவகம் ஒரு ரூபாய் இட்லியோடு திறந்தது. ஊர், பேர் கேட்காமல் சோறு போடும் இடம் நகரத்தில் ஒன்று இருந்தால், பிழைக்க வந்தவன் அன்றிரவு தூங்குவான்.

● பர்மாவிலிருந்து 1960-களில் திரும்பி வந்த தமிழர்களுக்கு எண்ணூரில் பர்மா நகர் உண்டு, வியாசர்பாடியிலும் குடியிருப்பு உண்டு. அவர்கள் கையோடு கொண்டுவந்த அத்தோ என்ற நூடுல்ஸ் உணவைப் பாரிமுனைப் பக்கத்து நடைபாதைகளில் தள்ளுவண்டி போட்டு விற்றார்கள். ஊருக்குப் புதிதாக வந்தவரை அந்த நடைபாதை ஏற்றுக்கொண்டதால் சென்னைக்கு ஒரு புது ருசி கிடைத்தது. எண்ணூர் விரைவுச் சாலையில் இன்று கன்டெய்னர் லாரி வரிசையில் காத்துக் கிடக்கும் வெளிமாநில டிரைவருக்கு என்ன வைத்திருக்கிறோம்? பெரும்பாலும் லாரிக்கு அடியில் இருக்கும் நிழல்தான்.

● மெரினாவில் சக்கர நாற்காலி அலை வரை போக நிரந்தர மரப்பாதை 2022 நவம்பர் 27-ல் திறந்தது. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது. பழுது பார்த்து மறுபடி திறந்தார்கள்! கருங்கல் கொட்டிய வடகரையில் நடக்க முடிந்தவருக்கே இறங்க வழி குறைவு.

● பழவேற்காடு ஏரியில் எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்று மீனவர்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். போலீஸ் இல்லை, பத்திரம் இல்லை. ஆனால் அந்தப் பாடு வழிவழியாகப் பட்டினவர் குடும்பத்து ஆண்களுக்கே. மற்ற சாதியினரும் பெண்களும் அதில் இல்லை. பொதுவாகப் பகிர்ந்தாலே எல்லோருக்கும் கதவு திறந்துவிடாது என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம்.

கேட்டு வாங்க வேண்டியவை

● நீங்கள் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்து போகிறது. 1948-ன் சென்னைப் பொது நூலகச் சட்டம் இந்தியாவில் விடுதலைக்குப் பின் வந்த முதல் நூலகச் சட்டம்; வரி வசூல் அதன்படிதான். காற்றோட்டமான, மின்விசிறி சுழலும் வாசகசாலை உங்கள் வார்டில் இல்லையென்றால் தைரியமாகக் கேளுங்கள், காசு கொடுத்திருக்கிறீர்கள்.

● வட சென்னை வளர்ச்சித் திட்டம் 2024 மார்ச்சில் ரூ.4,181 கோடிக்குத் தொடங்கியது. அந்த ஆண்டு நவம்பரில் கொளத்தூரில் திறந்த முதல்வர் படைப்பகத்தில் மாணவர்கள் படிக்கலாம், அலுவலகம் இல்லாதவர்கள் லேப்டாப்போடு வந்து வேலை செய்யலாம். வீட்டில் ஒரே அறை, அதில் ஐந்து பேர் என்ற குடும்பத்துப் பிள்ளைக்கு மேசையும் விளக்கும் அமைதியும் கிடைப்பது சாதாரணம் இல்லை. நல்ல காரியம். இதே மாதிரி திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் என்று ஊருக்கு ஒன்று வரட்டும்.

● மனை போடுகிறவர் பொது இடத்துக்கு நிலம் விட வேண்டும், தெரியுமா? 2019 கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலமாகவோ பணமாகவோ தரலாம். உங்கள் நகரின் வரைபடத்தில் பூங்கா என்று பச்சையாக ஒரு கட்டம் இருக்கும். அந்த இடத்தில் இப்போது என்ன நிற்கிறது என்று ஒரு நாள் நடந்து போய்ப் பாருங்கள். செல்போன் கோபுரமோ குப்பை வண்டியோ நின்றால் மனு எழுத வேண்டிய நேரம் வந்துவிட்டது.

● காட்டுப்பள்ளித் துறைமுகத்தைச் சுமார் 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்க ஒரு திட்டம். காட்டுப்பள்ளிக்கும் பழவேற்காட்டுக்கும் இடையே கடலையும் ஏரியையும் பிரிப்பது ஒடுக்கமான மணல்திட்டு. மெரினா கதை இங்கே திரும்ப நடந்தால் அது தாங்குமா என்பது மீனவர்களின் அச்சம். மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் 2021 ஜனவரி 22-க்கு வைத்தார்கள், தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5-க்கு வைத்தார்கள், அதுவும் தள்ளிப்போனது. 2006-ன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு விதிப்படி இப்படிப்பட்ட கூட்டத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். இன்னொன்றும் அந்த விதியில் உண்டு: இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கு கிடையாது. பத்துப் பேர் வந்தாலும் அது ஊர்க் கருத்துதான். ஆகவே வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

● கிராம சபை ஆண்டுக்கு நான்கு முறை என்றுதான் பலருக்கு நினைவு. தமிழ்நாட்டில் 2022 முதல் ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மாநகராட்சிப் பக்கம் பகுதி சபைகள் 2022 நவம்பர் 1-ல் தொடங்கின. காட்டுப்பள்ளிக்காரர்கள் ஊராட்சியிலும், எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரத்தார் வார்டிலும் போய் உட்காருங்கள். நிழல், உட்காரத் திண்ணை, பெண்களுக்குக் கழிப்பறை, கடலுக்கு இறங்க ஒரு படிக்கட்டு, நண்பகலில் பூட்டாத பூங்கா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கேட்டது தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.